பாக்ஸ் ஹில்: காடு முடியும் இடத்தில் புல் ஏன் தொடங்குகிறது?

லண்டனுக்குத் தெற்கே, சரே மாவட்டத்தில், டார்க்கிங் என்ற ஊரை ஒட்டி நிற்கிறது பாக்ஸ் ஹில். அங்கே நடப்பவர் யாரும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பீச் மரங்களும் யூ மரங்களும் கவிந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும் பாதை, ஒரு மரக்கதவைத் தாண்டியதும் சட்டென்று வெட்டவெளிக்கு வந்துவிடும். சரிவு முழுக்கக் கணுக்கால் உயரம்கூட இல்லாத புல். காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே இருபது முப்பது அடி இடைவெளிகூட இருக்காது. இரண்டின் மேலும் பெய்வது ஒரே மழை, அடிப்பது ஒரே வெயில். அப்படியிருக்க மரம் ஏன் அங்கேயே நின்றுவிட்டது?

பாதி பதில் பாறையில் இருக்கிறது. மீதி, ஆட்டின் வாயில். நடைப்பாதைத் துண்டறிக்கைகள் இதைச் சொல்வதில்லை. எத்தனை கிலோமீட்டர், எங்கே கழிப்பறை, எங்கே கேக் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. கேக் முக்கியம்தான். ஆனால் கால் எதன்மேல் நடக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பாதையில் எந்த மாதத்தில் போகலாம் என்ற முடிவே மாறிவிடும்.

குன்றின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 224 மீட்டர். நம் மலைகளைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு மேடு. ஆனால் தென்கிழக்கு இங்கிலாந்தில் இந்த உயரமே பெரிது. வாட்டர்லூவிலிருந்து டார்க்கிங் போகும் ரயிலில் ஏறினால் பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் என்ற சிறு நிலையத்தில் இறங்கி நேராக நடக்கத் தொடங்கிவிடலாம். அந்த ரயில் விம்பிள்டன், ரேய்ன்ஸ் பார்க், வூஸ்டர் பார்க் வழியாக வருவதால் அந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார்கூடத் தேவையில்லை.

முதலில் பாறை. இந்தக் குன்று முழுக்கச் சீமைச்சுண்ணாம்பு. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த காலம் வரைக்கும், இன்றைய தென் இங்கிலாந்து வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களின் ஓட்டுத் துகள்கள் அடியில் படிந்து படிந்து இறுகியதுதான் இந்த வெள்ளைப் பாறை. அதன் நடுவே அடுக்கடுக்காகக் கறுத்த சக்கிமுக்கிக் கற்கள் இருக்கும். அவை கடற்பஞ்சு போன்ற உயிர்களின் சிலிக்காவிலிருந்து உருவானவை. பாதையில் காலில் இடறும் கூரான கறுப்புக் கற்கள் பெரும்பாலும் இவைதான். வெளியே வெள்ளைத் தோல், உடைந்த இடத்தில் கண்ணாடிப் பளபளப்பு.

பிறகு ஆல்ப்ஸ் மலையை எழுப்பிய அதே அழுத்தம் இந்தப் பகுதியையும் மெல்லப் புடைக்க வைத்தது. வடக்கு தெற்காக ஐம்பது அறுபது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு குவிமாடம் எழுந்தது. மழையும் ஆறுகளும் அதன் உச்சியை அரித்துத் தின்றுவிட்டன. தலை சீவிய இளநீரில் ஓட்டின் விளிம்பு மட்டும் சுற்றி நிற்பதுபோல, சுண்ணாம்பின் இரண்டு விளிம்புகள் மட்டும் மிஞ்சின. வடக்கு விளிம்பு நார்த் டவுன்ஸ், தெற்கு விளிம்பு சவுத் டவுன்ஸ். பாக்ஸ் ஹில் வடக்கு விளிம்பில் இருக்கிறது. காட்சிமேடையில் நின்று தெற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில், வீல்டு என்ற தாழ்நிலத்தைத் தாண்டி அடிவானத்தில் ஒரு நீலக் கோடு தெரியும். அது மறு விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்த சுண்ணாம்பு முழுவதும் கரைந்து கடலுக்குப் போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்த இடத்தில் நிற்பது வேறு அனுபவம்.

சுண்ணாம்பு தண்ணீரைத் தேக்காது. மழை விழுந்த வேகத்தில் விரிசல்கள் வழியே உள்ளே இறங்கிவிடும். ஆகவே குன்றின்மேல் ஓடை கிடையாது. ஆனால் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஜூனிப்பர் பாட்டம் என்ற நீண்ட பள்ளத்தாக்கின் வழியே ஒரு பாதை போகிறது. ஆறு வெட்டியதுபோலவே வளைந்து நெளிந்து கிடக்கும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடுவதில்லை. பனியுகத்தில் பனிப்பாளம் இவ்வளவு தெற்கே வரவில்லை என்றாலும் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தது. விரிசல்களெல்லாம் பனிக்கட்டியால் அடைபட்டுவிட, கோடையில் உருகிய நீர் மேற்பரப்பிலேயே ஓடி இந்தப் பள்ளங்களைத் தோண்டியது. உறைவு நீங்கியதும் தண்ணீர் மறுபடி உள்ளே இறங்கிவிட்டது. கீழே ஓடும் மோல் ஆறுகூட இந்தச் சுண்ணாம்பிடம் தப்பவில்லை. டார்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் இடையில் ஆற்றுப்படுகையில் நீரை விழுங்கும் துளைகள் உண்டு. கடும் வறட்சியில் ஆற்றின் ஒரு பகுதி காணாமல் போய் லெதர்ஹெட் பக்கம் மீண்டும் மேலே வரும்.

காடு, புல் விவகாரத்துக்கு இதுதான் அடிப்படை. குன்றின் தட்டையான உச்சியில் சுண்ணாம்புக்கு மேல் சக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்த்தியிருக்கிறது. அது கொஞ்சம் புளிப்பான, ஈரம் பிடிக்கும், ஆழமான மண். ஓக், பீச், பிர்ச் எல்லாம் அங்கே நன்றாக வேர்விடும். வசந்தத்தில் புளூபெல் பூப்பதும் அங்கேதான். சரிவில் அந்தக் களிமண் இல்லை. சில அங்குல மண், அதன்கீழ் நேராக வெள்ளைப் பாறை. தெற்கு பார்த்த சரிவென்றால் கோடையில் நன்றாகக் கொதிக்கும். மேற்கே மோல் ஆறு அடிவாரத்தை அரித்து அரித்துச் செங்குத்தாக்கிய இடத்தில் மண்ணே நிலைப்பதில்லை. தி வைட்ஸ் என்று அழைக்கப்படும் அந்த வெள்ளைச் சரிவில் பாக்ஸ் மரமும் யூ மரமும்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிரிட்டனில் பாக்ஸ் மரம் மனிதர் தயவில்லாமல், இயல்பாக, நிலையான புதர்க்காடாக நிற்கும் ஒரே பகுதி இந்தச் சுண்ணாம்புச் சரிவுகள்தான். ஐரோப்பியச் சட்டப்படி இது சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை பாறையின் கணக்கு. ஆனால் பாறை மட்டும் காரணம் என்றால் சரிவுகள் இப்படி மொட்டையாக இருக்க நியாயமில்லை. மெல்லிய மண்ணிலும் மரம் வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். முதலில் ஹாதார்ன், டாக்வுட் போன்ற புதர்கள். அவற்றின் நிழலில் ஆஷ், யூ, பீச். சரிவை அப்படியே விட்டுவிட்டால் ஒரு தலைமுறைக் காலத்தில் புல் மறைந்துவிடும். அந்தப் புல் அங்கே இருப்பதற்குக் காரணம், கற்கால உழவர்கள் மரங்களை வெட்டிய நாளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செம்மறிகள் அதை விடாமல் கடித்துவந்ததுதான். அங்கே முளைவிட்ட ஒவ்வொரு மரக்கன்றும் இரண்டு இலை விடுவதற்குள் ஆட்டின் வயிற்றுக்குள் போனது. ஆக, நம் கண்ணுக்குத் தொன்மையான இயற்கையாகத் தெரியும் புல்வெளி, மேய்ச்சல்காரர்கள் உண்டாக்கி வைத்தது.

மனிதன் உண்டாக்கியது என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் நாற்பது வகைச் செடிகள் வரை எண்ணக்கூடிய இடம் இது. ஐரோப்பாவில் இவ்வளவு நெருக்கமான பன்மை அதிகம் இல்லை. எப்படி இது சாத்தியம் என்றால், வறுமையால். வளமான மண்ணில் இரண்டு மூன்று முரட்டுப் புற்கள் ஓங்கி வளர்ந்து மற்றதையெல்லாம் நிழலில் அமுக்கிவிடும். சுண்ணாம்புச் சரிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. போதாததற்கு ஆடு வேறு தலையெடுத்ததையெல்லாம் கடித்துவிடுகிறது. யாரும் யாரையும் அமுக்க முடியாததால் காட்டுத் தைம், மார்ஜோரம், குதிரைலாட வெட்ச் என்ற மஞ்சள் பூ, கௌஸ்லிப், காற்றில் நடுங்கும் குவேக்கிங் புல், பலவகை ஆர்க்கிட் என்று எல்லாமே குள்ளமாக, அடுத்தடுத்து நெருக்கியடித்து வாழ்கின்றன. பெண் தேனீபோலத் தோற்றம் காட்டி ஆண் தேனீயை ஏமாற்ற உருவான பீ ஆர்க்கிடும் இங்கே உண்டு. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் அதை நாடிவரும் தேனீ இல்லாததால், இவ்வளவு வேஷமும் போட்டுவிட்டுத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதை வைக்கிறது.

புல்லின் நீளம் அங்குலக் கணக்கில் மாறினால்கூட எவ்வளவு மாறும் என்பதற்கு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்க வேண்டும். அடோனிஸ் புளூ என்ற பளீர் நீலப் பூச்சியின் புழு குதிரைலாட வெட்ச் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. அந்தச் செடியும் வெயில் நேராகப் படும், ஒட்டக் கடிக்கப்பட்ட புல்லில் இருக்க வேண்டும். புழுவின் உடலில் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் காக்கும். வெள்ளிப்புள்ளி ஸ்கிப்பர் இன்னும் வம்பு. செம்மறிப் புல் என்ற மெல்லிய புல்லின் சிறு கொத்தில், அதுவும் பக்கத்தில் வெறும் சுண்ணாம்பு தெரியும் இடத்தில்தான் முட்டையிடும். வெறும் தரை சூடாக இருக்கும், அந்தச் சூடு முட்டைக்கு வேண்டும். நாட்டிலேயே இந்தப் பூச்சிக்குப் பேர்போன இடங்களில் பாக்ஸ் ஹில்லும் ஒன்று. ஆகஸ்ட் மாத வெயிலில் சரிவோரப் பாதையில் நின்றால், காலடியில் பழுப்பும் ஆரஞ்சுமாக ஒன்று விருட்டென்று தெறித்து ஓடும். பெரும்பாலோர் அதை அந்து என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள்.

இந்த ஏற்பாடு 20-ஆம் நூற்றாண்டில் குலைந்தது. செம்மறி வளர்ப்பு செங்குத்தான சரிவுகளில் கட்டுப்படியாகாமல் போனது. சமமான இடங்களில் உரம் போட்டு உழுதார்கள். பிரிட்டனின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் 80 சதவீதம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அழிந்தது என்பது பாதுகாப்பு அமைப்புகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆடு போன பிறகும் பல சரிவுகளைக் காப்பாற்றியவை முயல்கள். 11-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் இறைச்சிக்காகக் கொண்டுவந்து பெருகவிட்டவை அவை. 1953-இல் மிக்சோமாட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் கென்ட் பகுதியில் நுழைந்தது. இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனின் முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் செத்தன. பயிர் வைத்தவர்களுக்குக் கொண்டாட்டம். சரிவுகளில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது, பின்னால் முட்புதர் வந்தது.

இதன் விளைவு எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. லார்ஜ் புளூ என்ற வண்ணத்துப்பூச்சி 1979-இல் பிரிட்டனில் அற்றுப்போனது. சேகரிப்பாளர்கள் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று பலகாலம் பழி சொன்னார்கள். உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஜெரமி தாமஸ் என்ற சூழலியலாளர். அந்தப் பூச்சியின் புழு ஒரு குறிப்பிட்ட வகைச் சிவப்பு எறும்பின் கூட்டுக்குள் புகுந்து, தானும் எறும்புக் குஞ்சுபோல நடித்து, அங்கேயே உண்டு வளரும். அந்த எறும்புக்குச் சூடான தரை தேவை. முயல் செத்து, புல் நீண்டு, தரை இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்ததும் எறும்பு இடத்தைக் காலி செய்தது. பூச்சியும் போனது. பின்னர் 1980-களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்து, புல்லை ஒட்டக் கடிக்கவிட்ட இடங்களில், மறுபடி குடியேற்றினார்கள். அது பாக்ஸ் ஹில்லில் நடந்த கதை அல்ல. ஆனால் பாக்ஸ் ஹில்லில் இன்று ஏன் மாடு மேய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

ஆம், மாடு. நடு உடலில் வெள்ளைப் பட்டை கட்டியதுபோன்ற கறுத்த பெல்ட்டட் கேலோவே மாடுகள். ஸ்காட்லாந்து இனம். முரட்டுப் புல்லையும் தின்னும், குளிரையும் தாங்கும். குன்றின் உரிமையாளரான நேஷனல் டிரஸ்ட் இவற்றைச் சரிவுகளில் மாற்றி மாற்றி மேயவிடுகிறது. மாடு தொடாத முட்புதரைக் குளிர்காலத்தில் ஊழியர்களும் தொண்டர்களும் ரம்பம் கொண்டு வெட்டுகிறார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு அதிர்ச்சியாக இருக்கும். இயற்கையைக் காக்கும் அமைப்பே மரத்தை வெட்டி எரிக்கிறதே என்று கோபப்படுபவர்களும் உண்டு. மரம் நடுவதே நல்லது, வெட்டுவது கெட்டது என்று பள்ளியிலிருந்தே பழக்கப்பட்டவர்கள் நாம். இந்தச் சரிவில் அந்தக் கணக்கு தலைகீழ். ஒரு ஹாதார்ன் புதர் எங்கும் முளைக்கும். ஆனால் ஆயிரம் ஆண்டுப் புல்வெளியை மறுபடி உண்டாக்க இன்னொரு ஆயிரம் ஆண்டு வேண்டும். எவ்வளவு பழமையான புல்வெளி என்று கண்டுபிடிக்க நடப்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. புல் போர்த்திய சிறு மேடுகள் சரிவில் கொப்புளம்போல நிறைந்திருந்தால் அவை மஞ்சள் புல்வெளி எறும்பின் புற்றுகள். பல பத்தாண்டுகளாகக் கலப்பை படாத நிலத்தில்தான் அவை அவ்வளவு பெரிதாகும்.

குன்று பொதுமக்கள் கைக்கு வந்தது 1914-இல். லியோபோல்ட் சாலமன்ஸ் என்ற செல்வந்தர் 230 ஏக்கரை 16,000 பவுண்டுக்கு வாங்கி நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். இல்லாவிட்டால் இந்நேரம் சரிவெங்கும் பங்களாக்கள் இருந்திருக்கும், லண்டன் அப்போது அந்த வேகத்தில் தெற்கே வீங்கிக்கொண்டிருந்தது. காட்சிமேடையில் இருக்கும் கல்வட்டம் அவர் நினைவாகக் கட்டியது. பின்னால் பல நிலங்கள் சேர்ந்து இன்று எஸ்டேட் சுமார் 1,200 ஏக்கர்.

காட்டுப் பக்கமும் அப்படியொன்றும் அமைதியாக இல்லை. பெயர் தந்த பாக்ஸ் மரம் மெதுவாக வளரும், கட்டை அவ்வளவு கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் பியூவிக் போன்றவர்கள் மரச்செதுக்குப் படங்களை அச்சிட இதன் குறுக்குவெட்டுக் கட்டையைத்தான் நம்பினார்கள். இங்கிருந்தும் மரம் வெட்டிப் பெரும்பணத்துக்கு விற்றார்கள். அதையெல்லாம் தாண்டிவந்த மரத்துக்கு இப்போது கிழக்காசியாவிலிருந்து வந்த பாக்ஸ் அந்துப்பூச்சி எமனாக நிற்கிறது. 2007-இல் பிரிட்டனில் முதலில் தென்பட்ட அந்தப் பூச்சியின் புழு, பூந்தோட்ட வேலிகளை மொட்டையடித்தபடி பரவியது. தோட்டத்தில் மருந்தடிக்கலாம், செங்குத்துச் சரிவில் காடாக நிற்கும் மரங்களுக்கு யார் அடிப்பது?

பீச் மரத்துக்குச் சுண்ணாம்பில் ஆழவேர் கிடையாது. 1987 அக்டோபர் 15 இரவில் தென் இங்கிலாந்தில் அடித்த புயலில் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. பாக்ஸ் ஹில்லும் பெருமளவு இழந்தது. காட்டுக்குள் போகும்போது வேரோடு பெயர்ந்து, வேர்த்தட்டில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு கிடக்கும் அடிமரங்கள் எதிர்ப்பட்டால் பாறைக்குமேல் எவ்வளவு சொற்பமான மண் இருந்தது என்பதைக் கண்ணால் அளந்துகொள்ளலாம். விழுந்த இடங்களில் வெயில் புகுந்து இளமரங்கள் வந்தன, அவற்றில் நிறைய ஆஷ். அந்த ஆஷுக்கு இப்போது பூஞ்சை நோய். 2012-இல் பிரிட்டனில் உறுதியான இந்த நோய் கிளைகளை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே பாதையோரம் நோயுற்ற மரம் நின்றால் வெட்டித்தான் ஆக வேண்டும், நடப்பவர் தலையில் விழக்கூடாதே. யூ மரங்கள் மட்டும் எதற்கும் அசைவதில்லை. அவற்றின் அடியில் ஒரு புல்லும் முளைக்காத கறுத்த தரை. நண்பகலிலும் அந்திபோல இருக்கும். இலை, விதை எல்லாம் நஞ்சு. குழந்தைகளோடு போனால் அந்தச் சிவப்புப் பழத்தைப் பறிக்க விடாதீர்கள்.

இனி பாதைகள். இங்கே நடைபாதை என்பது சட்டத்தில் பதிந்த உரிமை. 1932-இல் வடக்கே கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறி, சிலர் சிறைக்கும் போனார்கள். அந்த அழுத்தத்தின் தொடர்ச்சியாக வந்த 1949 சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. 1968 சட்டம் நகரத்தாருக்காக ஊரக உல்லாசப் பூங்காக்களை அமைக்க வழிசெய்தது. 2000-இல் வந்த சட்டம் குறிப்பிட்ட திறந்தவெளிகளில் பாதையை விட்டும் நடக்கலாம் என்றது. கம்பங்களில் இருக்கும் அம்புகளின் நிறத்துக்கு இதுதான் பின்னணி. மஞ்சள் அம்பு கால்நடையாகச் செல்பவருக்கு மட்டும். நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் உண்டு. ஓக் கொட்டைச் சின்னம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை. பாக்ஸ் ஹில்லில் அது ஃபார்ன்ஹாமிலிருந்து டோவர் வரை 246 கிலோமீட்டர் ஓடும் நார்த் டவுன்ஸ் வே. 1978-இல் திறந்தது.

முதல்முறை போகிறவர்களுக்கு ஆற்றுக்கல் வழியைத்தான் சொல்வேன். சுமார் மூன்று கிலோமீட்டர் வட்டம், ஆனால் நூறு மீட்டருக்கும் மேல் ஏற்றம் இருப்பதால் மூச்சு வாங்கும். மோல் ஆற்றைப் பதினேழு கற்கள்மேல் கால்வைத்துக் கடக்க வேண்டும். போர்க்காலத்தில், ஜெர்மானியர் இறங்கிவிட்டால் உதவக்கூடாதென்று இந்தக் கடவைக் கற்களை அகற்றிவிட்டார்கள். 1946-இல் அன்றைய உள்துறை அமைச்சர் சூட்டர் ஈடு தன் செலவில் புதிதாகப் போட, பிரதமர் அட்லி வந்து திறந்துவைத்தார். மழைக்குப் பின் கற்கள் மூழ்கியிருந்தால் வீம்பு வேண்டாம், கொஞ்ச தூரத்தில் நடைபாலம் இருக்கிறது. போரில் இறந்த நடைப்பயணிகளின் நினைவாகக் கட்டியது அது. ஆற்றைத் தாண்டியதும் யூ, பாக்ஸ் மரங்களுக்கு நடுவே இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். சுண்ணாம்பு ஈரத்தில் சோப்பாக வழுக்கும் என்பதால்தான் படிகள் போட வேண்டிவந்தது. படி ஏறி முடித்ததும் இருட்டிலிருந்து புல்லுக்கு வெளியே வருவீர்கள். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்வியை நேரில் கேட்க ஏற்ற இடம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் காட்சிமேடையை விட்டுவிட்டு வடக்கே போகலாம். லாட்ஜ் ஹில், பர்ஃபர்டு ஸ்பர், ஜூனிப்பர் டாப் என்று நீளும் மேட்டுப் புல்வெளிகளில் ஞாயிற்றுக்கிழமைகூடக் காது கேட்கும் அமைதி உண்டு. போகிற வழியில் 1890-களில் லண்டனைப் பிரெஞ்சுப் படையெடுப்பிலிருந்து காக்கக் கட்டிய பதின்மூன்று கோட்டைகளில் ஒன்று நிற்கிறது. யாரும் படையெடுக்கவில்லை. மேற்கு ஓரத்தில் 1800-இல் பீட்டர் லாபிலியர் என்பவரைத் தலைகீழாகப் புதைத்ததாகச் சொல்லும் கல்லும் இருக்கிறது. உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, தீர்ப்பு நாளில் அது புரளும்போது தான் மட்டும் நேராக நிற்கலாம் என்பது அவர் வாதம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் சாலைப் போட்டி இந்தக் குன்றின் ஜிக்ஜாக் சாலையில் ஏறியது. ஆண்கள் ஒன்பது சுற்று, பெண்கள் இரண்டு சுற்று. அருமையான பார்வையிடம் என்று இலட்சம் பேர் புல்வெளியில் ஏறியிருப்பார்கள். ஜூலை கடைசி, வண்ணத்துப்பூச்சிகளுக்கு உச்சப் பருவம். ஆகவே சீட்டு வைத்து 15,000 பேர் அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அன்று எடுத்த முன்னெச்சரிக்கை சரி. போட்டி முடிந்த பிறகு, தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஏற்றத்தை ஏறிப்பார்க்க வரும் சைக்கிள்காரர்கள்தான் இன்றுவரை ஓயவில்லை. அவர்கள் தார்ச்சாலையில் போவதால் புல்லுக்குக் கெடுதல் இல்லை.

உண்மையான கெடுதல் சத்தமில்லாமல் வருகிறது. அடிவாரத்திலேயே ஏ24 நெடுஞ்சாலை. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் காற்றில் கலந்து மழையோடு மண்ணில் இறங்குகிறது. வறுமையில் வாழப் பழகிய செடிகளுக்கு இது யாரும் கேட்காத உரம். முரட்டுப் புல்லுக்கு விருந்து. நாயின் கழிவும் இதே வேலையைச் செய்கிறது. இயற்கையானதுதானே, மண்ணுக்கு நல்லதுதானே என்று புல்லிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் பாதையின் இருபுறமும் உரம் போட்டுக்கொண்டே போகிறார்கள். பாதை விளிம்பில் மட்டும் புல் தடித்துப் பச்சையாக ஓங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

கால்தடமும் அளவோடு இருந்தால் உதவி, மீறினால் கேடு. சரிவில் கொஞ்சம் மண் பெயர்ந்து வெறும் சுண்ணாம்பு தெரிவது ஸ்கிப்பர் பூச்சிக்கு வேண்டியதுதான். ஆனால் சேறாக இருக்கிறதென்று ஒருவர் பாதையை ஒட்டிப் புல்லில் நடக்க, அடுத்தவர் அவரைவிட ஒரு அடி தள்ளி நடக்க, ஒரு குளிர்காலத்துக்குள் ஒற்றையடிப் பாதை தெரு அகலம் ஆகிவிடும். கெட்டியான காலணி போட்டுக்கொண்டு சேற்றிலேயே நடந்துவிடுவது நல்லது. மாடு நிற்கும் வெளியில் கதவைத் திறந்தபடி விடக்கூடாது. நீண்ட புல்லில் உண்ணி இருக்கும், திரும்பியதும் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோமானிய நத்தை என்ற கோலிக்குண்டைவிடப் பெரிய, வெளிறிய நத்தை மழைக்குப் பின் பாதையில் ஊரும். நாட்டிலேயே மிகப் பெரிய நில நத்தை. அதைப் பிடிப்பது 2008 முதல் சட்டப்படி குற்றம், மிதிக்காமல் போனால் சரி.

ஏப்ரல் கடைசியில் போனால் உச்சிக் காட்டில் புளூபெல், சரிவில் கௌஸ்லிப். ஜூன் ஆர்க்கிடுகளுக்கு. அடோனிஸ் புளூ மே, ஜூனில் ஒருமுறையும் ஆகஸ்ட், செப்டம்பரில் மறுமுறையும் பறக்கும். ஒரே பயணத்தில் அதையும் ஸ்கிப்பரையும் சாக்ஹில் புளூ என்ற இன்னொரு நீல வண்ணத்துப்பூச்சியையும் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் நடுவில், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, தெற்கு பார்த்த சரிவுக்குப் போக வேண்டும். மேகம் மூடினால் எல்லாம் புல்லடியில் ஒடுங்கிவிடும். அன்றைக்கு யூ மரக்காட்டுப் பாதையை எடுத்துக்கொள்ளலாம்.